கச்சத்தீவிலிருந்து தொடங்கலாம்: குடிமைப் பணித் தேர்வுக்குப் பன்னாட்டு உறவுகளைப் படிக்கும் முறை

தமிழில் குடிமைப் பணித் தேர்வு எழுதும் மாணவர்களின் விடைத்தாள்களைப் பல ஆண்டுகளாகத் திருத்தி வருகிறேன். அரசியலமைப்பையும் வரலாற்றையும் நன்றாக எழுதுபவர்கள்கூடப் பன்னாட்டு உறவுகள் வந்ததும் தடுமாறுகிறார்கள். மற்றப் பாடங்களைப் புத்தகத்தில் படிக்கும் இவர்கள் இதை மட்டும் செய்தித்தாளில் படிக்கிறார்கள் என்பதுதான் காரணம். எந்தத் தலைவர் எங்கே போனார், எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின என்று நாள்தோறும் எழுதி ஓராண்டில் மூன்று நோட்டுகள் நிரம்பிவிடுகின்றன. தேர்வறையில் அந்த மூன்று நோட்டுகளிலிருந்து ஒரு வாதம்கூடக் கிளம்புவதில்லை.

செய்தி கடைசியில் வர வேண்டும். முதலில் இடம், அடுத்து ஆவணம், அதன்பின் இரு தரப்பின் தேவைகள், பிறகு செய்தி. கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளும் இந்த வரிசையைப் பின்பற்றியவை.

முதல் படி: நான்கு வரிகளும் பழைய வினாக்களும்

முதன்மைத் தேர்வின் பொதுப்பாட இரண்டாம் தாளுக்கு 250 மதிப்பெண்கள். அதில் பன்னாட்டு உறவுகளுக்குப் பாடத்திட்டம் ஒதுக்கியிருப்பது நான்கே வரிகள்: இந்தியாவும் அண்டை நாடுகளும், இந்தியா சம்பந்தப்பட்ட அல்லது இந்திய நலனைத் தொடும் இருதரப்பு, வட்டார, உலக அளவிலான கூட்டமைப்புகளும் உடன்படிக்கைகளும், பிற நாடுகளின் கொள்கைகளும் அரசியலும் இந்திய நலன்மீது ஏற்படுத்தும் விளைவு, அதோடு புலம்பெயர்ந்த இந்தியர்கள், முக்கியமான பன்னாட்டு நிறுவனங்களின் அமைப்பும் பணியும். இந்த நான்கையும் ஓர் அட்டையில் எழுதி மேசைமேல் ஒட்டி வையுங்கள். படிக்கும் எதுவும் இவற்றில் ஒன்றின்கீழ் அடங்கவில்லையென்றால் அது தேர்வுக்கு வேண்டாதது.

தாளில் உள்ள 20 வினாக்களில் பெரும்பாலும் நான்கு இப்பகுதியிலிருந்து வருகின்றன. ஏறத்தாழ 50 மதிப்பெண்கள். முதல்நிலைத் தேர்வில் இடங்களும் அமைப்புகளின் உறுப்பினர் பட்டியலும் கேட்கப்படும். அரசியல் அறிவியலையும் பன்னாட்டு உறவுகளையும் விருப்பப்பாடமாக எடுத்தவர்களுக்குக் கோட்பாடுகள் வேண்டும். மற்றவர்கள் அந்தக் கடலில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

இப்போதைய தேர்வுமுறை 2013இல் வந்தது. அந்த ஆண்டு முதலான வினாக்களை வேறெதையும் படிப்பதற்கு முன்பே உட்கார்ந்து படியுங்கள். இலங்கையுடனான உறவை வைத்து, உள்நாட்டுக் காரணிகள் வெளியுறவுக் கொள்கையை எப்படிப் பாதிக்கின்றன என்று 2013இல் கேட்டார்கள். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் இந்தியாவின் பங்கு 2022இல் வந்தது. உலக வணிகத்தையும் எரிபொருள் போக்குவரத்தையும் முன்னிறுத்தி மாலத்தீவின் முக்கியத்துவத்தை 2024இல் கேட்டார்கள். ‘என்ன நடந்தது’ என்று கேட்ட வினாவைத் தேடிப் பாருங்கள்; கிடைப்பது அரிது. ‘ஏன்’, ‘எந்த அளவுக்கு’, ‘இதனால் இந்தியாவுக்கு என்ன’ என்றே கேட்கிறார்கள்.

இரண்டாம் படி: கையால் வரையும் நிலப்படம்

இரண்டு வாரம் ஒதுக்குங்கள். அச்சிட்ட படத்தைப் பார்ப்பது போதாது. வெள்ளைத் தாளில் நீங்களே வரைய வேண்டும். ஹோர்முஸ், பாப் எல் மண்டெப், மலாக்கா ஆகிய மூன்று நீரிணைகளையும் சூயஸ் கால்வாயையும் குறியுங்கள். பிறகு சபஹார், குவாதர், அம்பாந்தோட்டை, சித்வே துறைமுகங்கள். டீகோ கார்சியா, நிக்கோபாரின் இந்திரா முனை. வடக்கே சிலிகுரி இடைவழி, டோக்லாம், கல்வான்.

வரையும்போதே பல விடைகள் தாமாக வந்துவிடும். மாலத்தீவு வினாவையே எடுத்துக்கொள்ளுங்கள். லட்சத்தீவின் மினிக்காய்க்கும் மாலத்தீவுக்கும் நடுவே எட்டுப் பாகைக் கால்வாய் ஓடுகிறது. வளைகுடாவிலிருந்து மலாக்காவை நோக்கிப் போகும் கப்பல்கள் அந்த வட்டாரத்தைத் தொட்டுத்தான் போக வேண்டும். இதைக் கையால் வரைந்தவருக்கு முதல் பத்தி தயார். பாகிஸ்தான் தரைவழி தராதபோது ஆப்கானிஸ்தானுக்கும் மத்திய ஆசியாவுக்கும் எப்படிப் போவது என்று விரலால் தேடினால் அது ஈரானின் சபஹாரில் போய் நிற்கும். 2023 நவம்பர் முதல் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் செங்கடலில் கப்பல்களைத் தாக்கியபோது அவை ஏன் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின என்பதும் புரியும்.

மூன்றாம் படி: காரணத்தோடு சேர்ந்த தேதிகள்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலின் குடிமையியல் பகுதியில் வெளியுறவுக் கொள்கை பற்றிய பாடங்கள் உள்ளன. அங்கே தொடங்கி, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியலுக்குப் போங்கள். அதன்பின் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு நூல். அடித்தளத்துக்கு இவை போதும். தடித்த வழிகாட்டி நூல்களை முதல் மூன்று மாதங்களுக்குத் தொடாதீர்கள்.

படிக்கும்போது தேதிகளைச் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளுங்கள். 1974இல் இந்தியா பொக்ரானில் அணு வெடிப்புச் சோதனை செய்தது. அதன் எதிர்வினையாகவே அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு உருவானது. 1998இல் மீண்டும் சோதனை, பொருளாதாரத் தடைகள். அதே குழு 2008 செப்டம்பரில் இந்தியாவுக்கு விலக்கு அளித்தது; அதன்பிறகே அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாடு நிறைவேறியது. மூன்று தேதிகள், ஒரே கதை. இப்படிப் படித்ததை மறப்பது கடினம்.

1971 ஆகஸ்ட் 9 அன்று சோவியத் ஒன்றியத்துடன் நட்புறவு உடன்படிக்கை கையெழுத்தானதும் அப்படித்தான். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்க அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சர் பாகிஸ்தான் வழியாக இரகசியமாகப் பெய்ஜிங் போய் வந்திருந்தார். அணிசேராமையை அறிவித்த நாடு ஏன் அப்படி ஓர் உடன்படிக்கைக்கு வந்தது என்பதை இந்தப் பின்னணியோடு எழுதுபவருக்கு, இன்றைய ‘வியூகத் தன்னாட்சி’ (எந்த அணிக்கும் கட்டுப்படாமல் தானே முடிவெடுப்பது) பற்றிய வினாவும் எளிது. 1991ஐயும் இதேபோல் பாருங்கள். சோவியத் ஒன்றியம் கலைகிறது, இந்தியாவின் அந்நியச் செலாவணி வற்றுகிறது. கிழக்கு நோக்கிய கொள்கையும் 1992 ஜனவரியில் இஸ்ரேலுடன் ஏற்பட்ட முழுத் தூதரக உறவும் அந்தச் சூழலில் பிறந்தவை.

நான்காம் படி: ஒரு நாட்டுக்கு ஒரு கோப்பு

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் வேண்டும். இலங்கையை வைத்து முழுவதும் செய்து காட்டுகிறேன். தமிழ் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது இலங்கை. ஆனால் அவர்கள் மிக மோசமாக எழுதும் விடையும் இலங்கை பற்றியதுதான். நமக்குத் தெரிந்ததாக நினைப்பதால் ஆவணங்களைப் படிப்பதில்லை; மேடைப் பேச்சில் கேட்டதை எழுதுகிறோம்.

கோப்பின் முதல் பக்கம் இடம். பாக் நீரிணை, மன்னார் வளைகுடா, கச்சத்தீவு, நெடுந்தீவு, தலைமன்னார், திருகோணமலை, அம்பாந்தோட்டை. இரு கரைகளும் நெருங்கி, இரு நாட்டு மீனவர்களும் ஒரே கடலை நம்பி வாழும் இடம் இது.

இரண்டாம் பக்கம் ஆவணங்கள். 1948இல் இலங்கை இயற்றிய குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து சென்றவர்களின் வழிவந்த மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். எழுதும்போது இந்த எண்கள் மனிதர்கள் என்பதை மறக்காதீர்கள். அவர்களில் யாரிடமும் எங்கே வாழ விரும்புகிறாய் என்று அந்த மேசையில் கேட்கப்படவில்லை.

அடுத்து 1974 ஜூன் உடன்படிக்கை. சில பக்கங்களே கொண்டது; பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். கச்சத்தீவு எல்லைக்கோட்டின் இலங்கைப் பக்கம் போனது. ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்கு வரலாம், அதற்கு விசா தேவையில்லை என்கிறது. ஆறாம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடரலாம் என்கிறது. அடுத்துப் படிக்க வேண்டியது 1976 மார்ச்சில் மன்னார் வளைகுடா, வங்கக் கடல் எல்லை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களை. ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடற்பகுதியில் மீன்பிடிக்கக் கூடாது என்று அவை சொல்கின்றன. 1974ஐ மட்டும் படித்தவர் ஒரு முடிவுக்கு வருவார், 1976ஐயும் படித்தவர் வேறொரு முடிவுக்கு வருவார். தீவைப் பற்றிய கேள்வி ஒன்று, மீன்பிடி உரிமை பற்றிய கேள்வி இன்னொன்று என்பதே விடைத்தாள்களில் நான் அதிகம் தேடியும் காணாத வேறுபாடு.

இங்கே அரசியலமைப்புப் பாடத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்க 1958இல் ஒப்புக்கொண்டபோது, நாட்டின் நிலத்தை விட்டுக்கொடுக்க அரசியலமைப்புத் திருத்தம் தேவை என்று உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. 1960இல் ஒன்பதாவது திருத்தம் வந்தது. வங்கதேசத்துடனான நில எல்லை உடன்படிக்கைக்கு 2015இல் நூறாவது திருத்தம் வந்தது. கச்சத்தீவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. அது உரிமை தீர்மானிக்கப்படாத பகுதி, அதனால் விட்டுக்கொடுத்தல் நிகழவில்லை என்பது ஒன்றிய அரசின் நிலைப்பாடு. இராமநாதபுரம் ஜமீனுக்குச் சொந்தமாக இருந்தது என்பது தமிழ்நாட்டின் வாதம். இரண்டையும் ஒரே பத்தியில், எந்தப் பக்கமும் கத்தாமல் எழுதிப் பழகுங்கள்.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் இந்தப் பக்கத்தில் வர வேண்டும். அதைத் தொடர்ந்து இலங்கை அரசியலமைப்பில் வந்த 13ஆவது திருத்தம், மாகாண சபைகள், 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படை. இன்றும் 13ஆவது திருத்தத்தை முழுமையாகச் செயல்படுத்துமாறு இந்தியா கேட்டுவருவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

மூன்றாம் பக்கத்தை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் இந்தியாவின் தேவைகள்: தெற்கே பகைமையற்ற கடல், கொழும்புத் துறைமுகத்தின் வழியாக நடக்கும் சரக்கு மாற்றம், தமிழர்களின் சம உரிமை, மீனவர் பாதுகாப்பு. வலப்பக்கம் இலங்கையின் தேவைகள்: கடனை அடைப்பது, முதலீடு, பெரிய அண்டை நாட்டின் நிழலில் தன் இறையாண்மை, சீனாவையும் இந்தியாவையும் ஒருசேரக் கையாள்வது. வலப்பக்கத்தை எழுதாதவர் எதிர்த்தரப்பை வெறும் நன்றி கெட்டவராகவே பார்ப்பார். அவருடைய விடையும் அப்படியே ஒலிக்கும்.

மீனவர் பிரச்சினையில் இந்தக் கோட்டின் அருமை விளங்கும். இந்தப் பக்கம் கைதும் படகுப் பறிமுதலும் குடும்பங்களை நிலைகுலைய வைக்கின்றன. அந்தப் பக்கம் போரில் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமல் இருந்துவிட்டு மீண்டு வந்த வட மாகாண மீனவர்கள். அவர்களும் தமிழர்கள். நம் விசைப்படகுகளின் இழுவைமடி வலை கடலடியைச் சுரண்டித் தங்கள் வலைகளையும் அறுத்துப் போகிறது என்று முறையிடுகிறார்கள். இலங்கை 2017இல் இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு பாக் நீரிணையின் விசைப்படகுகளை ஆழ்கடல் படகுகளாக மாற்றும் திட்டத்தை இந்தியா தொடங்கியது. சிக்கலின் தீர்வு தூதரகத்தில் மட்டும் இல்லை, மீன்வளத் துறையின் மானியத்திலும் வங்கிக் கடனிலும் இருக்கிறது என்று எழுதத் தெரிந்தவர் நிருவாக அதிகாரியைப்போல் சிந்திக்கிறார்.

நான்காம் பக்கம்தான் செய்திக்கு. அம்பாந்தோட்டைத் துறைமுகம் 2017இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. 2022 ஆகஸ்டில் யுவான் வாங் 5 என்ற சீனக் கண்காணிப்புக் கப்பல் அங்கு வந்தது. அதே ஆண்டு நெருக்கடியில் இந்தியா கடன் வசதி, எரிபொருள், மருந்து என ஏறத்தாழ 400 கோடி டாலர் மதிப்புக்கு உதவியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் சேவை தொடங்கியது. முந்தைய மூன்று பக்கங்கள் இருந்தால் இவை ஒவ்வொன்றும் தனக்கான இடத்தில் போய் உட்காரும்.

ஐந்தாம் படி: மற்ற அண்டை நாடுகள்

இதே நான்கு பக்கங்களை வங்கதேசம், நேபாளம், பூட்டான், மாலத்தீவு, மியான்மர், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், சீனா ஆகியவற்றுக்கும் செய்யுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் போதும். சீனாவுக்கு மட்டும் ஒரு வாரம். 1993, 1996, 2005, 2013 என நான்கு எல்லை உடன்பாடுகள் இருந்தும் 2020 ஜூன் 15 அன்று கல்வானில் 20 இந்திய வீரர்கள் ஏன் உயிரிழந்தார்கள் என்ற கேள்வியே சீனக் கோப்பின் அச்சாணி.

நேபாளத்துக்கு 1816 சுகௌலி உடன்படிக்கையும் 1950 நட்புறவு உடன்படிக்கையும், பூட்டானுக்கு 1949 உடன்படிக்கையும் அது 2007இல் திருத்தப்பட்ட விதமும் அடிப்படை. பாகிஸ்தானுக்கு 1960 சிந்து நதிநீர் உடன்படிக்கை, 1972 சிம்லா உடன்பாடு. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பின் சிந்து உடன்படிக்கையை இந்தியா நிறுத்தி வைத்ததை இந்த இரண்டையும் படித்தபின் படியுங்கள்.

வங்கதேசத்தில் நீர்தான் மையம். கங்கை நீர்ப் பங்கீடு 1996இல் 30 ஆண்டுகளுக்கென்று கையெழுத்தானது. டீஸ்டா ஆற்றுநீர் உடன்பாடு 2011இல் மேற்கு வங்க அரசின் எதிர்ப்பால் கைகூடவில்லை. இதை இலங்கைக் கோப்போடு சேர்த்துப் பாருங்கள். அங்கே தமிழ்நாடு, இங்கே மேற்கு வங்கம். மாநிலங்களின் குரல் வெளியுறவை எப்படி வளைக்கிறது என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் கிடைத்துவிட்டன.

ஆறாம் படி: அமைப்புகள்

தலைமையகம், உறுப்பினர், தொடங்கிய ஆண்டு என்று பட்டியல் போடுவது முதல்நிலைத் தேர்வுக்கு உதவும். முதன்மைத் தேர்வுக்கு ஒரு கேள்வி போதும்: இது எங்கே மாட்டிக்கொண்டு நிற்கிறது? தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் 1985இல் தொடங்கியது. 2014 காத்மாண்டு மாநாட்டுக்குப் பின் உச்சி மாநாடே நடக்கவில்லை. இந்தியா–பாகிஸ்தான் பகைமை காரணம். வங்கக் கடல் வட்டார நாடுகளின் கூட்டமைப்பான, பாகிஸ்தான் இல்லாத பிம்ஸ்டெக் அதனாலேயே முக்கியத்துவம் பெற்றது. ஆனால் 1997இல் தொடங்கிய அதற்குச் சாசனம் 2022இல்தான் வந்தது. உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பர் முதல் செயலிழந்து கிடக்கிறது, புதிய உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்ததால். ஐ.நா. பாதுகாப்பு அவையை மாற்ற, பொதுச் சபையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஐந்து நிரந்தர உறுப்பினர்களின் ஏற்பும் வேண்டும். இந்தியாவின் நிரந்தர இடம் பற்றிய எந்த வினாவுக்கும் இந்தத் தடையிலிருந்து தொடங்குங்கள்.

ஏழாம் படி: இப்போது நாளிதழ்

நாளுக்கு அரை மணி நேரம். தலையங்கத்தைப் படியுங்கள், படித்ததை எந்தக் கோப்பின் எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று கேளுங்கள். இடம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தில் கூட்டறிக்கைகளையும் நாடாளுமன்ற விடைகளையும் பாருங்கள். ஒரே சந்திப்பைப் பற்றி இரு நாடுகளும் தனித்தனியே வெளியிடும் அறிக்கைகளை அருகருகே வைத்துப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. ஒருவர் சொன்னதை மற்றவர் எங்கே விட்டிருக்கிறார் என்று பார்த்தாலே சிக்கல் எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும். வெளியுறவுக்கான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கைகளில் பரிந்துரைப் பகுதியை மட்டும் படித்தால் போதும். ‘மேற்கொண்டு செய்ய வேண்டியவை’ என்ற பத்திக்கு அதைவிட நல்ல ஊற்று இல்லை.

எட்டாம் படி: தமிழில் விடை எழுதுதல்

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சாகிறது. எனவே ‘விவாதி’, ‘ஆராய்’ போன்ற வினாவின் கட்டளைச் சொல்லை ஆங்கிலத்திலேயே பிழையின்றிப் புரிந்துகொள்ளும் பயிற்சி உங்களுக்குக் கட்டாயம். கலைச்சொற்களுக்கு மட்டும் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சொல்லைத் தர விதி இடமளிக்கிறது. அதை அளவோடு பயன்படுத்துங்கள். சாதாரணச் சொற்களுக்கும் ஆங்கிலம் எழுதினால் மதிப்பெண் குறையும். நூறு கலைச்சொற்களுக்கு ஒரு பட்டியல் தயாரித்து, ஒரு சொல்லுக்கு ஒரே தமிழாக்கத்தைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே விடையில் ‘சர்வதேச நிதியம்’ என்றும் ‘பன்னாட்டு நிதியம்’ என்றும் மாறி மாறி எழுதினால் திருத்துபவர் இரண்டு அமைப்புகள் என்று நினைக்கக்கூடும்.

மூன்று மணி நேரத்தில் 20 வினாக்கள். 150 சொல் விடைக்கு ஏழு நிமிடம், 250 சொல் விடைக்குப் பதினொரு நிமிடம். முன்னுரையில் காலம் கழிக்க இடமில்லை. ‘இந்தியாவும் இலங்கையும் பண்டைக்காலம் முதல் பண்பாட்டு உறவு கொண்ட நாடுகள்’ என்று தொடங்கும் விடைகளை நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன். அந்த வாக்கியம் எந்த அண்டை நாட்டுக்கும் பொருந்தும். உள்நாட்டுக் காரணிகள் பற்றிய வினாவுக்கு இப்படித் தொடங்கிப் பாருங்கள்: ‘1987 ஒப்பந்தம் முதல் மீனவர் கைது வரை, இலங்கை குறித்த டெல்லியின் முடிவுகளில் சென்னையின் அரசியலும் இராமேசுவரத்தின் வாழ்வாதாரமும் பங்குபெற்றே வந்துள்ளன.’ ஆண்டு, இடம், நிலைப்பாடு மூன்றும் ஒரே வரியில் வந்துவிட்டன. பிறகு உள்நாட்டுக் காரணிகள் வளைத்த இடங்கள், அவை வளைக்க முடியாத இடங்கள், இலங்கைத் தரப்பின் உள்நாட்டு அரசியல், இறுதியில் செய்யக்கூடிய இரண்டு செயல்கள். பாக் நீரிணையின் சிறு படத்தை ஓரத்தில் வரைய அரை நிமிடம் ஆகும், தயங்காமல் வரையுங்கள்.

வாரம் நான்கு விடைகள் எழுதி, ஒரு நண்பரிடம் கொடுங்கள். எதிர்த்தரப்பு நாட்டின் தூதராகத் தன்னை நினைத்துக்கொண்டு அவர் அதைப் படிக்கட்டும். அவருக்குக் கோபம் வரும் வாக்கியத்தில் பெரும்பாலும் ஆதாரம் குறைவாக இருக்கும்.

ஒன்பதாம் படி: நேர்முகத் தேர்வு

இராமநாதபுரம், நாகப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டத்தவர் என்றால் கச்சத்தீவைப் பற்றிக் கேள்வி வரக்கூடும் என்று எண்ணியே போங்கள். ‘மீட்க முடியுமா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று தாவாதீர்கள். 1974 சொல்வது, 1976 சொல்வது, உடன்படிக்கையிலிருந்து ஒருதரப்பாக விலகினால் மற்ற எல்லை உடன்பாடுகளுக்கு நேரும் விளைவு, மீனவருக்கு இன்றைக்குத் தேவையான நிவாரணம் என்று வரிசையாகச் சொல்லுங்கள். நேர்முகத்துக்கு முன் ஒரு நாள் கரைக்குப் போய்வாருங்கள். எவ்வளவு தொலைவு போகிறார்கள், ஏன் அங்கே போகிறார்கள், டீசலுக்கு எவ்வளவு ஆகிறது, ஆழ்கடல் படகுக்கு ஏன் மாறவில்லை என்று படகுக்காரர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் கோப்பின் நான்காம் பக்கத்தில் அன்றைய தேதியிட்டு எழுதி வையுங்கள்.